காலையில் கூப்பிடாதே

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சுகம், பிள்ளைகள் சுகம், உன் மனைவி சுகமா இல்லையா என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல், அனுப்பிய கம்பளிக் காலுறையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் காலில் போட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். தினம் போனில் முகம் பார்க்கிற மகனுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய், சிரித்துக்கொள். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ சரிப்பா சரிப்பா, சின்னவன் எங்கே என்பாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதோடு பக்கத்தில் அவளும் இருப்பாள், அவள் காதில் விழக்கூடாத விஷயம் இது. எதிர் வீட்டுத் தச்சர் மகன் லீவு முடிந்து சனிக்கிழமை உன் ஊருக்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். அறையில் மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

உன் அக்காவின் பிரசவத்துக்குப் போன உன் அம்மா இன்னும் வந்தபாடில்லை. குழந்தை நல்ல எடை, நல்ல குரல், மூக்கு மட்டும் நம் வீட்டு மூக்கு, பாவம், பெண் குழந்தை வேறு. இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்கிறாள் அம்மா. பள்ளிக்கூடம் திறக்கிற நேரமாகப் பார்த்து இப்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கும் கவலைதான், அதனால் அங்கிருந்தே போனில் எனக்கு உத்தரவு போட்டு அந்தக் கவலையைத் தீர்த்துக்கொள்கிறாள். ஆக இங்கே இப்போது வீட்டில் நான், உன் மனைவி, பெரியவள், சின்னவன், அவ்வளவுதான். ஓடுகிறவள் ஒருத்தி, ஓட வைக்கிறவர்கள் மூன்று பேர் என்று வைத்துக்கொள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன வாரம் நான் தனியாக இருந்தபோது நீ ஒன்று கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா. ஏம்ப்பா, அவ போன்ல என் முகத்தையே பாக்க மாட்டேங்கிறா, எதைக் கேட்டாலும் ம்ங்கிறா, என் மேல ஏதாவது கோவமா என்று கேட்டாய். அப்போது நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அதற்குப் பதில்தான் எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி, நான் பஸ் ஓடுகிற மாதிரி ஒவ்வொரு நிறுத்தமாக நின்றுதான் வருவேன், கண்டக்டர் வேலை பார்த்த புத்தி போகுமா.

பள்ளி திறந்ததிலிருந்து இந்த வீட்டில் காலை என்பது கூட்ட நேரத்து பஸ்தான். அவள் இருட்டில் எழுந்துவிடுகிறாள். குக்கரை வைத்துவிட்டுத் துணியை அலசிப் போடுகிறாள், துணியைப் போட்டுக்கொண்டே பெரியவளிடம் வாய்ப்பாடு கேட்கிறாள், பெரியவள் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுந்தால் இவள் அங்கிருந்தே தூக்கி விடுகிறாள். சின்னவனை எழுப்புவது தனிக் கதை. அவன் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறான், உன் பிள்ளை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். புதுச் சட்டையின் கழுத்துப் பட்டை உறுத்துகிறது என்று ஒரு அழுகை, அவள் உள்பக்கம் பழைய துணியை வைத்துத் தைத்துக் கொடுத்தாள், இப்போது அந்தத் துணி உறுத்துகிறதாம். இரண்டு சாப்பாட்டு டப்பாக்களையும் அவள் மாற்றிப் போட்டுவிட்டால் சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து. இதற்கு நடுவில் பெரியவளின் பள்ளியில் இரட்டைப் பின்னல் இல்லாமல் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் சும்மா இருப்பேனா, ஜன்னல் கம்பியில் மூன்று நாடாவைக் கட்டிப் பின்னிப் பழகினேன். முதல் நாள் நான் போட்ட பின்னலைப் பார்த்துவிட்டு, தாத்தா, ஒண்ணு மேல ஒண்ணு கீழ இருக்கு என்றாள் பெரியவள். காது இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று முதலில் பாரு என்றேன். இப்போது பரவாயில்லை, பின்னல் என் பொறுப்பு, ஷூ பாலிஷ் என் பொறுப்பு, தண்ணீர் பாட்டில் என் பொறுப்பு. முட்டி வலி இல்லாவிட்டால் வேன் வரைக்கும் கொண்டு விடுவதையும் எடுத்துக்கொள்வேன், மாடிப்படி விடமாட்டேன் என்கிறது. தெரு முனையில் வேன்காரர் இரண்டு முறை ஹார்ன் அடிப்பார், மூன்றாவது கிடையாது, போய்க்கொண்டே இருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் விசில் கொடுத்தேன், ஒருத்தருக்காக நின்றால் ஐம்பது பேருக்கு நேரமாகும்.

சரியாக இந்த நேரத்தில்தான், மகனே, உன் போன் வருகிறது.

கோபப்படாதே. உனக்கு அது ராத்திரி, கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு வந்து, குளித்துவிட்டு, நான்கு பேர் படுக்கிற அறையில் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிறாய், எனக்குத் தெரியாதா. உங்க முகத்தைப் பாத்துட்டுப் படுத்தாத்தான் தூக்கம் வருது என்று நீ சொன்னபோது நான் எழுந்து உள் அறைக்குப் போய்விட்டேன், ஏன் போனேன் என்று கேட்காதே. ஆனால் நீ அங்கே சாவகாசமாகப் படுத்துக்கொண்டு ராஜா, நேத்து என்ன படிச்சே, ஒரு பாட்டுப் பாடு என்கிற நேரத்தில் இங்கே ராஜா ஒரு காலில் சாக்ஸோடு நிற்கிறார். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு அவள் உனக்கு முகத்தைக் காட்டிக்கொண்டே கையால் டப்பாவை மூடுகிறாள், காலால் சின்னவனின் ஷூவைத் தள்ளுகிறாள், கண் கடிகாரத்தில். அவள் உன்னைப் பார்க்காமல் பார்த்தது அந்தக் கடிகாரத்தைத்தான். அது உன் முகத்துக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறது. கோபமுமில்லை ஒன்றுமில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை நீ சின்னவனிடம் புதுப் பையில என்னென்ன இருக்கு, அப்பாவுக்குக் காட்டு என்றாய். அவனுக்குக் கேட்கவா வேண்டும். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற பிள்ளை, பையைக் கட்டிலில் கவிழ்த்துவிட்டான். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான், பென்சில், ரப்பர், பாதி தின்ற பிஸ்கட், எங்கிருந்தோ பொறுக்கிய ஒரு போல்ட். நீ சிரித்தாய், அவனும் சிரித்தான், அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தாள். ஹார்ன் கேட்டது. நீ போனை வைத்தபின் நாங்கள் மூவரும் கட்டிலில் விழுந்து வாரிப் போட்டு, நான் ஒரு ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் தத்தித் தத்தி இறங்குவதற்குள் வேன் போய்விட்டது. அவள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பள்ளியில் விட்டுவிட்டு, இன்னொரு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அவளுக்கு ரத்தம் எடுக்கிற வேலை என்று உனக்குத் தெரியும், ஆனால் காலையில் அங்கே யார் வருகிறார்கள் என்று நீ யோசித்திருக்க மாட்டாய், நானும் யோசித்ததில்லை. வெறும் வயிற்றோடு வருகிறவர்கள். ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், ஊசி குத்தினதும் ஒரு டீ குடிக்கலாம் என்று அவள் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள். அன்றைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது வரிசை வாசல் வரைக்கும் வந்திருந்தது. நான்காவது ஆளாக ஒரு பெரியவர், சர்க்கரை வியாதிக்காரர், கையை நீட்டிக்கொண்டே நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். உடனே படுக்க வைத்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, தெளிந்துவிட்டார், பயப்பட ஒன்றுமில்லை, மத்தியானம் தானே நடந்து வீட்டுக்குப் போனாராம். ஆனால் எல்லோர் முன்னாலும் மேலதிகாரி இவளை ஏசிவிட்டார். அது கூட அவளுக்குப் பெரிதில்லை. சாயங்காலம் குழாயைத் திறந்துவிட்டு டப்பா கழுவுகிறாள், தண்ணீர் ஓடுகிறது, டப்பா கழுவப்படவில்லை. என்னம்மா என்று கேட்டேன். கண் முழிச்சதும் அந்தப் பெரியவர் என்கிட்ட மன்னிப்புக் கேட்டார் மாமா, கையை ஆட்டாம வெச்சிருக்க முடியலம்மான்னு சொன்னார் என்று சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, துடைத்த டப்பாவையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். மாத முடிவில் வேலையை விட்டுவிடப் போகிறாளாம். வேலையைச் சரியாகச் செய்ய முடியாவிட்டால் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்கிறாள். உன்னிடம் வீட்டைப் பாத்துக்க முடியலை, விட்டுடறேன் என்று மட்டும் சொல்லப் போகிறாள். நீ உன் இஷ்டம் என்று சொல்லிவிடுவாய் என்பது அவளுக்குத் தெரியும், நீ நல்லவன், அப்படித்தான் சொல்வாய், அதுதான் என் பயமே. அந்த வேலை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா. ஊசியைக் கண்டால் ஊரைக் கூட்டுகிற குழந்தைகளைக்கூடப் பேச்சுக் கொடுத்தே வசப்படுத்திவிடுவாள். சில பேர் அந்த அம்மா இருக்கிற நாள் சொல்லுங்க, அன்னிக்கு வரோம் என்று கேட்டுவிட்டுப் போகிறார்களாம். சாப்பிடும்போது அதைச் சொல்லுகையில் அவள் முகத்தை நீ பார்க்க வேண்டும், வெட்கமும் பெருமையுமாகச் சோற்றைப் பார்த்துக்கொண்டு சொல்வாள்.

நான் என்ன சொல்லியிருப்பேன், நீயே யோசி. இதுக்கு எதுக்கும்மா வேலையை விடணும், காலையில கூப்பிடாதேன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போச்சு என்றேன். அவ்வளவுதான், அதுவரை அழுதவள் நிமிர்ந்துவிட்டாள். சொல்லவே கூடாது மாமா, அவருக்கு அங்க வேற என்ன இருக்கு, ரெண்டு பேரையும் பாக்காம அவர் தூங்க மாட்டார், ஒத்தை ஆளா எப்படிக் கிடக்கிறாரோ என்றாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறாள். போனைப் பற்றிச் சொன்னால் நீ மனசு உடைந்துபோவாய், வேலையை விட்டால் யாருக்கும் ஒன்றுமில்லையாம். யாருக்கும் என்கிற கணக்கில் அவள் தன்னைச் சேர்க்கவே இல்லை. என் மேல கோவமா என்று நீ கேட்டாயே, அதற்கு இதுதான் பதில்.

அதனால் நீ ஒன்று செய்ய வேண்டும். அப்பா எழுதினார் என்று மூச்சு விடாதே. சொன்னாயானால் அவள் ஐயையோ அதெல்லாம் இல்லை, கூப்பிடுங்க என்று பழையபடி சர்க்கரை டப்பாவை எடுத்து வைத்துவிடுவாள், அவளை உனக்குத் தெரியாதா. நீ ஒரு பொய் சொல்லு. கிடங்கில் நேரம் மாற்றிவிட்டார்கள், இனிமேல் அந்த நேரத்துக்குப் பேச முடியாது, மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில்தான் போனைத் தொடவே விடுகிறார்கள் என்று சொல்லு. உனக்கு மத்தியானம் என்றால் இங்கே பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, பாடம் முடித்து, படுக்கப் போகிற நேரம். பையைக் கவிழ்க்கச் சொல்லு, பாட்டுப் பாடச் சொல்லு, கூத்தே நடத்து. அவளும் அப்போதுதான் ஒரு இடத்தில் உட்காருவாள், உன் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். உன்னை ஒரு நாளும் பொய் சொல்லச் சொல்லி வளர்த்ததில்லை, இந்த ஒரு பொய்யைத் திருத்தமாகச் சொல்லு, சிரித்துவிடாமல் சொல்லு. காலை நேரம் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டால் வேலையை விடுகிற பேச்சைத் தானே விட்டுவிடுவாள், மீறி உன்னிடம் சொன்னால் உன் இஷ்டம் என்று மட்டும் சொல்லாதே, ஒரு மாசம் பொறு, அம்மா வந்துடுவா என்று சொல்லு.

உனக்குக் கஷ்டம்தான். வேலை முடிந்து வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பது எப்படி இருக்கும் என்று நினைத்தால் எனக்கே எழுத வரவில்லை, இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். அதனால் உனக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். நீ விட்டுப் போன அந்த மூலை உடைந்த போன் அலமாரியில் கிடந்ததல்லவா, அதைக் கடைத்தெருவில் போன் ரிப்பேர் பண்ணுகிறவரிடம் கொடுத்து உயிர் கொடுத்துவிட்டேன், படம் காட்டிப் பேசுவதையும் அவரிடமே கற்றுக்கொண்டேன், முதலில் என் காதைத்தான் காட்டினேனாம், இப்போது தேறிவிட்டேன். நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவர்கள் மூவரும் படி இறங்கியதும் நான் மாடி ஜன்னலில் நின்று உன்னைக் கூப்பிடுகிறேன். நீ எடு, ஆனால் வாயைத் திறக்காதே, ஜன்னல் திறந்திருக்கும், தெருவுக்குக் கேட்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் கஷ்டமெல்லாம் தீர்ந்து, நீயும் அவளும் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. காலுறையை மறக்காதே. ஜன்னலிலிருந்து முகம் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், முதுகுதான் தெரியும், இரண்டு பை, இரண்டு பின்னல், நடுவில் அவள். ஆனால் முனைக்குப் போனதும் அடுப்பை அணைத்தோமா என்று அவள் தினமும் ஒரு தடவை திரும்பி ஜன்னலைப் பார்ப்பாள், நான் அணைத்தாச்சு என்று கையைக் காட்டுவேன். அந்த ஒரு நிமிஷம் கண்ணை மூடாமல் இரு, உன்னைத்தான் பார்ப்பாள், அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா