உன் துண்டின் கரையை மாற்றிவிட்டார்கள்

என் நைனாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. நான் பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். நான் எழுதுவதையெல்லாம் நீ எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிப்பாய். இதையும் அப்படியே படி. நடுவில் கோபம் வந்தால் நிறுத்திவிடாதே.

அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து நம் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் உனக்கு நினைவஞ்சலி பேனர் வைத்திருக்கிறோம். அண்ணன் ஏற்பாடு. மேலே பாதி இடத்துக்கு ஒரு தலைவரின் முகம். அவர் உன் தலைவர் இல்லை. அண்ணன் இப்போது சேர்ந்திருக்கிற புதுக் கட்சியின் தலைவர். அவருக்குக் கீழே ஒரு சின்ன வட்டத்துக்குள் நீ.

நம்மிடம் உன் நல்ல படம் ஒன்றுதானே இருக்கிறது, மாநாட்டுக்குப் போனபோது எடுத்தது. தோளில் உன் கட்சிக் கரை போட்ட துண்டு. பேனர் கடையில் கம்ப்யூட்டரில் அந்தக் கரையை அழித்துவிட்டு, புதுக் கட்சியின் நிறத்தைப் போட்டிருக்கிறார்கள். முகத்தில் கை வைக்கவில்லை. அதே சிரிப்போடு வேறு கட்சிக்காரனாக நிற்கிறாய்.

அச்சடிப்பதற்கு முன்பே அண்ணன் போனில் காட்டினான். அடியில் போட நாலு வரி எழுதித் தரச் சொல்லியிருந்தான். நானும் ஆசையாக எழுதிக் கொடுத்திருந்தேன். படத்தில் துண்டைத்தான் முதலில் பார்த்தேன்.

"இது நைனா துண்டு இல்லண்ணா."

"மாத்தச் சொன்னேன். இன்னா இப்போ?"

"சாவுற வரைக்கும் அவரு அந்தக் கட்சிதான."

"அந்தக் கட்சிலேர்ந்து ஒருத்தனாச்சும் வந்தானா? இருவது வருசம் கொடி கட்னாரு. வருசம் திரும்புது, ஒரு போன் வந்துச்சா? என் பசங்கதான் வந்து பந்தல் போடறானுங்க. நைனா மூஞ்ச நாலு பேர் பாக்கணும்னா இதான் வழி. நீ புக்குல கீறதப் படி, போ."

அதில் பாதி உண்மை. உன் ஆட்கள் யாரும் வரவில்லை. ஆனாலும் நான் அழுதேன். செத்தவரைக் கட்சி மாற்றுவதைப்போல ஒரு துரோகம் உண்டா என்று கத்தினேன். அப்போதுதான் எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து வந்த அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அழுவாத. உங்க நைனா செஞ்சதத்தான் உங்க அண்ணன் செய்யுது."

பிறகு அம்மா சொன்னதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எனக்கு அன்றுதான் தெரிந்தது. இன்று அடுக்குமாடி நிற்கிற நிலத்தில் தாத்தா நாற்று நட்டவர். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணைக்காரர் எந்தக் கட்சியோ அதற்கு எதிர்க்கட்சியில் நம் தெருவே சேர்ந்ததாம். அவருக்கு எதிராக அவர்களால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அப்புறம் நிலம் போய்விட்டது. நீ அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனாய். உன்னை நிரந்தரமாக்கச் சண்டை போட்டவர் யூனியன்காரர். அதனால் அவர் கட்சி உன் கட்சியானது. தேர்தல் வந்தால் நீயும் தாத்தாவும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட மாட்டீர்களாம்.

தாத்தா தன் கொடியை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். தன்மேல் அதைத்தான் போர்த்த வேண்டும் என்று மருமகளான அம்மாவிடம் சொல்லியிருந்தார். அவர் செத்த அன்று யூனியன் ஆட்கள் மாலையோடு வேனில் வந்துகொண்டிருந்தார்கள். நீ அவர்மேல் போர்த்த உன் கொடியை எடுத்தாய்.

"பெட்டியத் தொறந்தேன்," என்றாள் அம்மா. "உங்க நைனா ஒரு பார்வ பாத்தாரு. மூடிட்டேன். பெட்டில இருந்த கொடி அப்பால கரித்துணியாப் போச்சி."

அண்ணன் போனை அணைத்தான். அவனுக்கும் இது புதிதுதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் மறுநாள் அதே படம்தான் அச்சாகி வந்தது.

நைனா, தாத்தாவின் முகத்தை நீ அன்று பார்த்தாயா? வேன் வருகிறதா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாயா? எங்களிடம் ஏன் ஒருநாளும் சொல்லவில்லை? அவர் கட்சியை நீ விட்டதில் எனக்கு வருத்தமில்லை. பண்ணையும் இல்லை, பண்ணைக்காரரும் இல்லை, உனக்கு வேறு காரணம் இருந்தது. அண்ணனுக்கும் ஏதோ ஒரு காரணம் இருக்கும். கம்பெனியில் அவன் இன்னும் கான்ட்ராக்ட்தான். அவனுக்காகச் சண்டை போட அங்கே யாரும் இல்லை. ஆனால் வாய் திறக்க முடியாத ஒருவரை ஏன் உங்கள் கட்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்?

நானும் யோக்கியம் இல்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தி, முகப்பேர் பிளாட்டில் இருக்கிறவள், பேனர் வைத்த அன்று நம் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ரயிலேற்றிவிடப் போகும் வழியில் பேனரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்கப்பா இந்தக் கட்சியா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். விளக்க வேண்டுமானால் தாத்தாவிலிருந்து தொடங்க வேண்டும். ரயில் வேறு வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையில் நானும் உனக்கு அந்தத் துண்டைப் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன்.

"உனுக்கு எந்தக் கட்சிம்மா?"

அம்மா சிரித்தாள். "இத்தினி வருசத்துல இப்பதான் ஒருத்தி கேக்கற. உங்க தாத்தா இதுக்குப் போடுன்னாரு. உங்க நைனா அதுக்குப் போடுன்னாரு. இப்ப உங்க அண்ணன் சொல்லிகினு கீறான். எல்லாத்துக்கும் தலய ஆட்டுவேன். உள்ள போயி அமுக்கறது நான்தான?"

"யாருக்குப் போட்ட?"

"உன்கிட்ட சொல்லிட்டா, நாளிக்கு நீ ஒரு பேனர் வெப்ப."

சிரிப்பு அடங்கிய பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எம்மேல எதயும் போத்தாதீங்க. கட்டிகினு கீற பொடவயோட தூக்குங்க."

எனக்கு ஓட்டு வர இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. எனக்கும் ஒரு கட்சி வரலாம். அதுதான் சரி என்று நானும் உன்னைப்போல நம்பலாம். அதனால் இப்போதே, எந்தப் பக்கமும் சேராமல் இருக்கும்போதே, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அம்மாவின் நாள் வரும்போது அண்ணன் கொடியோடு வந்தாலும் சரி, கொடி என் கையிலேயே இருந்தாலும் சரி, அவள் தன் புடவையோடுதான் போவாள்.

உன் பொண்ணு,
மலர்