நான்காவது தடவை

செப்டம்பர் 3

வாலு அப்பாவுக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். உடம்பு சுகம். மற்றதை நீங்கள் கேட்க வேண்டாம், நானும் சொல்லவில்லை. போனில் பேசினால் நாம் இருவரும் ஊமையாகிவிடுகிறோம். "சாப்டியா", "சாப்டேன்" என்பதோடு முடிந்துபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா எனக்கு மாடி அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். அத்தான் கதவைத் தட்டிவிட்டு, வாசலிலேயே நின்று, நோயாளியிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசுகிறார். நேற்று கொடியில் காய்ந்த போர்வைகளை எடுத்து மடிக்கச் சொன்னாள் அக்கா. முடியாது என்றேன். ஆறு வருஷம் ஆஸ்பத்திரி லாண்டரியில் விரிப்பு மடித்தவளுக்கு வீட்டுப் போர்வை கசக்கிறதா என்று நினைத்திருப்பாள். ஜனவரியில் நம் வாலு மூளைக்காய்ச்சலில் போனது அந்த ஆஸ்பத்திரியில்தான் என்பது அவளுக்குத் தெரியும். பிள்ளை படுத்திருந்த விரிப்பும் அடுத்த வாரம் என் மேசைக்குத்தான் வந்திருக்கும் என்பது அக்காவுக்குத் தோன்றவில்லை. எனக்கு ஒவ்வொரு விரிப்பும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நம் பழைய சபைக்குப் போனேன். போதகர் மேடையிலிருந்தே என்னைக் காட்டி, யாரிடமும் சம்பளம் வாங்காமல் சொந்த உழைப்பில் அந்நிய தேசத்தில் ஊழியம் செய்கிற குடும்பம் என்றார். வெளியே வந்ததும் ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பண்ணிக்கிட்டே ஊழியமும் பாக்குறாராமே. பெரிய தியாகம்மா."

யாருடைய தியாகம் என்று நான் கேட்கவில்லை.

மூன்று மாதம் என்று சொல்லித்தான் வந்தேன். அந்தக் கணக்கை இப்போதைக்குப் பிடித்து வைக்காதீர்கள். கம்பளிச் சட்டை இல்லாமல் லிஃப்ட் குழிக்குள் இறங்க வேண்டாம்.

என்றும் உங்கள்,
வீட்டுக்காரி

*

செப்டம்பர் 24

வாலு அம்மாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று எழுதிவிட்டு, மேலே ஓடாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடித்துவிடவும் மனசு வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.

போன ஞாயிறு பிரசங்கத்தின் நடுவில் போன் வந்தது. பதினோரு மாடிக் கட்டடத்தில், நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு அம்மாவும் அவர் நாயும் மாட்டிக்கொண்டார்கள். "இதோ வந்துடறேன்" என்று ஓடினேன். திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம். பியானோ வாத்தியார் தனக்குத் தெரிந்த மூன்று பாட்டையே மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்தார். ஏழு பேரும் எழுந்து போகாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். கிரீஸ் கையோடு ஆசீர்வாதம் கூறி அனுப்பினேன். பழைய செருப்புக்கடையில் நடக்கிற சபைக்கு அது போதும் என்று வாத்தியார் சொன்னார்.

இப்போதெல்லாம் என் பிரசங்கம் குட்டையாகிவிட்டது. என் பக்கத்தில் முக்காலி போட்டு ஏறி நின்று, நான் சொல்வதை அவர்கள் பாஷையில் திருப்பிச் சொல்ல வாலு இல்லையே. நானே தட்டுத்தடுமாறிப் பேசுகிறேன். தேவன் உங்களைக் கழுவிச் சுத்தமாக்குவார் என்று சொல்ல நினைத்து, கழுவிக் காயப்போடுவார் என்று சொல்லிவிட்டேனாம். அவள் இருந்திருந்தால் கோட்டைப் பிடித்து இழுத்திருப்பாள்.

வேலை முடிந்து புதன்கிழமையும் சனிக்கிழமையும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறேன். புல் வெட்டுகிறவர் இப்போது எனக்கு வணக்கம் சொல்கிறார்.

ஒரு விஷயம். ரொட்டிக்கடை அம்மாவின் மகள், வாலுவின் வகுப்புத்தோழி, ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்கிறாள். பதினொரு வயது. என்ன சொல்வதென்று தெரியவில்லை. உன்னிடம் கேட்காமல் எதுவும் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

நீ எப்போது வருகிறாய் என்று கேட்க மாட்டேன். கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

உன்,
வீட்டுக்காரன்

*

அக்டோபர் 15

வாலு அப்பாவுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாயும் அம்மாவும் மாட்டிக்கொண்ட இடத்தில் சிரிப்புக்கூட வந்தது. அக்கா ஓடிவந்து பார்த்தாள்.

கடைசியில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தானாகக் கேட்டு, புரிந்து, விசுவாசித்து வருகிறவர்களுக்குத்தான் முழுக்கு, குழந்தைக்குக் கிடையாது என்பது நம் பாப்டிஸ்ட் சபை வழி. நானும் அப்படித்தான் தண்ணீரில் இறங்கினேன். அதில் எனக்குத் தகராறு இல்லை.

ஆனால் வாலுவும் கேட்டாள். முதல் தடவை, பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டாள். இரண்டாவது தடவை, நீங்கள் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது. மூன்றாவது தடவை சபை முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, எல்லோர் காதிலும் விழும்படி. மூன்று தடவையும் "இன்னும் கொஞ்சம் பொறும்மா, நல்லாப் புரியட்டும்" என்றீர்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் என்ன சொன்னீர்கள்? "ஊழியக்காரன் பிள்ளைக்கு மட்டும் சுலபமாக் கிடைச்சிடுச்சுன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது." அந்த ஏழு பேரில் யார் அப்படிச் சொல்லியிருப்பார்கள்? வாத்தியாரா? தரையைத் துடைக்கிற ரொட்டிக்கடை அம்மாவா?

தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் நீங்கள் கேட்கிற கேள்விகளை அந்த ஏழு பேருக்கும் அவர்கள் பாஷையில் கேட்டவளே அவள்தான். அவர்கள் சொன்ன பதிலை உங்களுக்குத் திருப்பிச் சொன்னதும் அவள்தான். அவளுக்குப் புரியவில்லை என்றீர்கள்.

முழுக்கு எடுக்காததால் அவளுக்குப் பரலோகத்தில் ஒன்றும் குறையவில்லை. அது எனக்குத் தெரியும், நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம். ஒரு பிள்ளை ஆசையாகக் கேட்டதை நாம் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது என்பதை என்னிடம் கேட்காதீர்கள். எந்தப் பதிலைச் சொன்னாலும் என்னால் தாங்க முடியாது.

வீட்டுக்காரி

*

நவம்பர் 26

வாலு அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கடை அம்மாவின் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன்.

வேறு யார் வாயிலிருந்தும் நீ கேட்கக் கூடாது என்பதற்காக நானே எழுதுகிறேன். அந்த ஃபைபர் தொட்டியைத்தான் கொண்டுவந்து வைத்தோம். வழக்கம்போல ஒழுகியது. வெந்நீர் போதவில்லை. அவளுக்குப் பல் கிட்டிப்போயிற்று. தூக்கி நிறுத்தியதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் துண்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் சரக்கு அறைக்குப் போய்விட்டேன். வாத்தியார்தான் கடைசி ஜெபத்தைச் செய்தார்.

பொறு என்று இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். பத்து மாதமாக இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வைத்திருந்தேன்.

வாலு மூன்று தடவை கேட்டாள் என்று எழுதியிருந்தாய். நான்கு தடவை.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் மத்தியானம். சொட்டு மருந்து நின்றுவிட்டது என்று நர்ஸைக் கூப்பிட நீ போனாய். அவள் கண்ணைத் திறந்தாள். நல்ல தெளிவோடு, "இப்ப போதுமாப்பா? எனக்குப் புரியுது" என்றாள். எதைக் கேட்கிறாள் என்று எனக்கு உடனே தெரிந்தது. "வீட்டுக்குப் போனதும் பாத்துக்கலாம்மா" என்றேன்.

நீ உள்ளே வந்த பிறகு அவள் பேசவில்லை. அது உனக்குத் தெரியும்.

மேஜை மேல் தண்ணீர்க் குவளை இருந்தது. சரி என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உன்,
வீட்டுக்காரன்

*

ஜனவரி 9

வாலு அப்பாவுக்கு,

பதில் வரவில்லையே என்று நீங்கள் அடுத்தடுத்துப் போட்ட இரண்டு கடிதங்களும் வந்தன. பிரிக்கவில்லை. மூன்றாவதாக ஒன்று வந்துவிடும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் நர்ஸோடு உள்ளே வந்தபோது நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். "என்னங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றீர்கள். பிள்ளை அந்த நிலையில் கிடக்க, இந்த மனுஷனுக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பை மன்னிக்கத்தான் இத்தனை மாதமாக முட்டி போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் என் பிள்ளையின் கடைசிப் பேச்சு இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் எழுதுங்கள். எந்தப் பாஷையில் பேசினாள், எந்தக் கையைப் பிடித்திருந்தீர்கள், அம்மா எங்கே என்று கேட்டாளா. எதையும் விடாமல் எழுதுங்கள். ஏன் சிரித்தீர்கள் என்பதையும்.

வாலு அம்மா

*

பிப்ரவரி 2

வாலு அம்மாவுக்கு,

நீ கேட்டபடி எல்லாம் எழுதுகிறேன்.

வலது கையில் ஊசி இருந்தது. இடது கையைப் பிடித்திருந்தேன். சூடு குறைந்திருந்தது, காய்ச்சல் விடுகிறது என்று நினைத்தேன். முதலில் அவர்கள் பாஷையில்தான் பேசினாள். நான் எல்லோரிடமும் கேட்கிற கேள்விகளைத் தானே வரிசையாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் நம் பாஷையில் "ஆமா", "நம்புறேன்" என்று தானே பதில் சொன்னாள். அப்புறம்தான் இப்ப போதுமாப்பா என்று கேட்டாள்.

வீட்டுக்குப் போனதும் என்று நான் சொன்னதற்கு, "தொட்டியில ரொம்ப ஊத்தாதீங்கப்பா. ரொட்டிக்கடை ஆன்ட்டிதான் துடைக்கணும், பாவம்" என்றாள். அதற்குத்தான் சிரித்தேன். நீ உள்ளே வந்தபோதும் அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போயிருக்கவில்லை.

"அம்மா வந்தாச்சா?" என்று ஒரு தடவை கேட்டாள். "இதோ வராங்க" என்றேன். நீ வருவதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நான் மறுத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவ்வளவு அற்பமான காரணம்தான்.

கம்பெனியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சபையை வாத்தியார் பார்த்துக்கொள்வார். அவர் இப்போது நாலாவது பாட்டு கற்றுக்கொண்டிருக்கிறார். ஏப்ரல் முதல் வாரம் வருகிறேன். அழைப்பு, ஊழியம் என்று ஏழு வருஷமாக உன்னிடம் பேசியதெல்லாம் போதும். ஊழியக்காரனாக வரவில்லை, உன் வீட்டுக்காரனாக வருகிறேன். திட்டினாலும் சரி, அடித்தாலும் சரி. வாசலில் நிற்க விடு.

உன்,
வீட்டுக்காரன்

*

மார்ச் 1

வாலு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். இடது கை, சூடு குறைந்தது, அம்மா வந்தாச்சா. அந்த வரிகளை இனி ஆயுசுக்கும் படிப்பேன். எழுதியதற்கு நன்றி. உங்களுக்கு நன்றி சொல்லும்படி ஆகிவிட்டது பாருங்கள், வேற்று ஆளுக்குச் சொல்வதுபோல.

ஏப்ரல் பயணத்தை நிறுத்திவிடுங்கள். கோபத்தில் எழுதவில்லை. எழுதுவதற்கு முன் நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன், அப்போதும் இதுதான் வந்தது.

அன்றே சொல்லியிருந்தால் நான் உங்களை அடித்திருப்பேன். அப்புறம் உங்கள் மேலேயே விழுந்து அழுதிருப்பேன். அதில் நாம் பிழைத்திருப்போம். இப்போது அந்த அழுகையை நான் இந்த மாடி அறையில் தனியாக அழுது முடித்துவிட்டேன். நீங்களும் எங்கோ லிஃப்ட் குழிக்குள் அழுது முடித்திருப்பீர்கள். நீங்கள் இங்கே வந்தால் அக்கா இரண்டு தட்டு வைப்பாள். நீங்கள் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு சாப்பிடுவீர்கள், நான் மன்னித்த முகத்தோடு பரிமாறுவேன். எத்தனை நாளைக்கு? நான் உங்களை வெறுக்கவில்லை. வெறுக்கிற நாள் வந்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை முதல் போகிறேன். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அவள் அந்த மண்ணில் இல்லை, கர்த்தரிடம் இருக்கிறாள் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் ஆமென் என்பேன். ஆனால் நீங்கள் விமானம் ஏறிவிட்டால் அந்த ஊரில் அவளை வாலு என்று கூப்பிட ஒரு ஆள் இருக்காது. அங்கே மற்ற எல்லோருக்கும் அவளுடைய பள்ளிக்கூடப் பெயர்தான் தெரியும். கல்லில் வெட்டியிருப்பதும் அதுதான். என்னால் அங்கே திரும்பி வர முடியாது. நீங்களாவது இருங்கள்.

எனக்கு இனி எழுத வேண்டாம். புதனும் சனியும் போகும்போது அவளோடு கொஞ்சம் நம் பாஷையில் பேசிவிட்டு வாருங்கள்.

வாலு அம்மா