அம்மா அழாத காட்சி

அன்புள்ள அம்மாவுக்கு,

சாருமதி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் பாதியில் "சாப்ட்டியா?" என்று கேட்டுவிடுகிறாய், அதனால் கடிதம்.

நம் கதையை வைத்து நான் எழுதும் இந்தித் தொடரில் நீ சரளமாக இந்தி பேசுகிறாய், மாடி வீட்டில் வசிக்கிறாய். பொறுத்துக்கொண்டேன். ஆனால் மகளை ரயிலேற்றும்போது நீ கதறி அழ வேண்டும் என்றார் இயக்குநர். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை.

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று ஆம்பூர் ஸ்டேஷனில் நடந்ததை அவரிடம் சொன்னேன். ஷூ கம்பெனியில் இருபது வருஷம் செக்கிங் பார்த்த நீ, என் புது ஷூவைக் கழற்றச் சொல்லி வளைத்துப் பார்த்தாய். "இன்னாடி இது, வெறும் பசைதான். மழைல போட்டுக்காத, பிச்சுக்கும்" என்றாய். அவ்வளவுதான் வழியனுப்பு.

"இதில் பாசம் எங்கே?" என்று சிரித்த இயக்குநர், தன் வெளிநாட்டு ஷூவைக் கழற்றி நீட்டினார். உன்னைப் போலவே வளைத்தேன். அடிப்பாகம் பிரிந்து அது வாயைப் பிளந்தது. கதை பேசும் அறையே கைதட்டியது. நீ அழப்போவதில்லை, அம்மா. காட்சி நான் எழுதியபடியே வருகிறது.

அடுத்த வாரம் படப்பிடிப்பு. நீயாக நடிக்கும் நடிகைக்கு ஷூவைப் பிடித்து வளைக்கத் தெரியவில்லை. நீ பிடிப்பதை வீடியோ எடுத்து அனுப்பு. அவர்களுக்குக் கை தெரிந்தால் போதும். ஆனால் நீ உன் முகமும் தெரிகிற மாதிரி எடு.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது.

உன் மகள்,
சாரு