கண்ணாடிக்கு அடியில் கறுப்புத் தூசி

3-3-2009, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கம்பெனி பஸ் புதுவாயலுக்கு இருபது நிமிடம் லேட்.

லைனில் இன்று பதினோரு செல்போன் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒரே குறை. கண்ணாடிக்கு அடியில் தூசி. கண்ணாடி மாட்டுவது நானும் அமீனாவும். அவள் பழவேற்காட்டுப் பெண், சேர்ந்து நாலு மாதம். எனக்கு இரண்டு வருடம். அடுத்த மாதம் பெர்மனன்ட் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சூப்பர்வைசர் இருவரையும் நிற்கவைத்துக் கத்தினார். "தொப்பி, கோட்டு எல்லாம் போட்டுக்கினுதான கீறீங்க? அப்புறம் எங்கேர்ந்துமா வருது?"

வாங்க: துணி சோப்பு, சின்னவளுக்கு ரப்பர், ரவை.

4-3, புதன்

இன்று பதினேழு. குவாலிட்டி சார் ஒரு செல்லைப் பிரித்து லென்ஸில் காட்டினார். கறுப்பாக, மினுமினுப்பாக ஒரு துகள். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார். ஒட்டிக்கொண்டது.

"இரும்புத் தூள். நம்ம பில்டிங்ல இரும்பு வேலையே கிடையாதே?"

என் வீட்டுக்காரர் தேவராஜுக்கு இரும்பு உருக்கும் ஃபேக்டரியில் வேலை. குளித்த பிறகும் காது மடலில் கறுப்பு இருக்கும். ஒரே ரூம், ஒரே பாய், ஒரே கொடியில் அவர் சட்டையும் என் சுடிதாரும்.

வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் வந்ததும் தலையை அவிழ்த்து வெள்ளைத் துண்டில் உதறினேன். சின்னவளின் பென்சில் டப்பா மூடியில் இருக்கும் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். கறுப்புத் தூள் மயிர் மயிராக எழுந்து நின்றது.

5-3, வியாழன்

விடிந்ததும் தலைக்குக் குளியல். துணி எல்லாம் தனி மூட்டை. அவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார், இருமினார், பிறகு சிரிக்கவில்லை.

"நான் வேணா கூட வேல செய்றவன் ரூம்ல படுத்துக்குறேன். ஒரு மாசம்தானமே? நீ மட்டும் யாராண்டயும் சொல்லாத."

இவ்வளவு செய்தும் இன்று ஒன்பது. சாப்பாட்டு நேரத்தில் அமீனா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் கைதான் சரியில்லையாக்கா? பயமா கீதுக்கா."

அப்போதும் சொல்லவில்லை. அவள் கொண்டுவந்த இறால் தொக்கைச் சாப்பிட்டேன். சாப்பிட்டேன்!

6-3, வெள்ளி

அமீனாவை நிறுத்திவிட்டார்கள். புதுசு, கை சுத்தம் இல்லை, அவ்வளவுதான் காரணம். கேட் வரைக்கும் என் கையை விடவில்லை. "நீ சொன்னா கேப்பாங்கக்கா. எனக்காவ ஒரு வார்த்த சொல்லேன்."

சரி என்றேன். திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.

சின்னவளை ஒன்றுமில்லாததற்கு அடித்துவிட்டேன். கடவுளே, என்ன பிழைப்பு இது.

7-3, சனி

அமீனா இல்லை. இன்றும் ஏழு. அமீனா இடத்தில் உட்காரவைத்த அடுத்த டேபிள் பெண்ணைச் சூப்பர்வைசர் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார். கர்ப்பமாக இருக்கிறாள், பாவம். நான் எழுந்து போய்விட்டேன். குவாலிட்டி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: வீட்டுக்காரர் வேலை, தலைமுடி, காந்தம்.

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"பெர்மனன்ட் சார்" என்றேன்.

ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். அமீனாவைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். பார்க்கலாம் என்றார்கள். பஸ்ஸில் ஏற்றவில்லை. ஷேர் ஆட்டோ.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கூட வேலை செய்பவர் ரூமிலேயே இருக்கிறார்.

8-3, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. புதுவாயல் கடையில் ஒரு ரூபாய்க் காசு போடும் போனில் பேசினேன். அமீனாவே எடுத்தாள்.

"கம்பெனில கூப்ட்டாங்கக்கா. வாப்பா முடியாதுன்ட்டாரு. வேலைக்குப் போனது போதுமாம். மாப்ள ஊட்டுக்காரங்களை வரச் சொல்லிட்டாரு."

நான்தான் காரணம் என்றேன். முழுவதும் சொன்னேன். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"உனக்கு எப்போலேர்ந்துக்கா தெரியும்?"

"புதன்கெழமலேர்ந்து."

நேரம் முடிந்து லைன் கட்டானது. கையில் இன்னும் இரண்டு காசு இருந்தது. போடவில்லை.