இருநூற்றுப் பதினான்கு இடைவெளிகள்

பிப்ரவரி 17, செவ்வாய்
வரம்பு பதின்மூவாயிரம் சொற்கள். ஓட்டிஸ் டன்லப்பின் மேல்முறையீட்டு மனுவில் இருநூற்றுப் பன்னிரண்டு சொற்கள் அதிகம்.

வக்கீல் ஹாலிஸ் வாசலில் நின்றபடியே சொன்னார்: "அந்த பஸ் டிரைவர் பக்கத்தைத் தூக்கிடு, லோர்னா."

"குற்றம் நடந்த நேரத்துல ஓட்டிஸ் பஸ்ல இருந்ததைப் பாத்தவர் அவர் ஒருத்தர்தான்."

"நீ எப்ப வக்கீலான? எழுத்தும் மேற்கோளும் பாக்கறதுதான் உன் வேலை. வெட்டு, இல்ல எப்படியாவது அடக்கு. நாளைக்குத் தாக்கல்."

பிப்ரவரி 18
அடக்கினேன். தீர்ப்பு மேற்கோள்களில் தொகுதி எண், தொகுப்பின் பெயர், பக்க எண். நடுவிலிருந்த இடைவெளிகளை அழித்தேன். ஒட்டிவிட்டால் கணினிக்கு மூன்று சொல்லும் ஒரே சொல். இருநூற்றுப் பதினான்கு இடைவெளிகள். 12,998.

சொல் எண்ணிக்கைச் சான்றிதழில் ஹாலிஸ் படிக்காமல் கையெழுத்திட்டார்.

பிப்ரவரி 20
தேவாலயத்தில் தவக்கால வெள்ளிக்கிழமை மீன் விருந்து. நீள மேசைகள், குடும்பம் குடும்பமாக. பரிமாறியவர் கேட்டார்: "எத்தனை பேரும்மா?"

பொட்டலமாகக் கட்டச் சொன்னேன்.

பிப்ரவரி 25
மேற்கோள்களை ஒட்டியதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்; மனு திரும்பி வந்துவிட்டது. ஏழு நாளில் சரிசெய்யாவிட்டால் தள்ளுபடி.

பதிவாளர் அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் சிரித்தாள். "கண்ணு, நான் இருபது வருஷமா இங்க இடைவெளிதான் எண்ணிட்டிருக்கேன்."

ஏன் செய்தேன்? ஓட்டிஸை நான் பார்த்ததே இல்லை. அவர் வாக்குமூலத்தோடு இரண்டு வருடம் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான் — ஜெயில்ல கெடக்கிற மனுஷன். என்னால எல்லாம் போயிடுமோ?

பிப்ரவரி 27
ஹாலிஸின் மன்னிப்பு மனு: 'இப்பிழை அலுவலக ஊழியர் லோர்னா ப்ரூயட் செய்தது.' உண்மைதான். ஆறு வருடத்தில் நீதிமன்றத் தாளில் என் பெயர் இதுவே முதல் முறை.

வடிவமைத்ததும் நானே. பதினான்கு புள்ளி அளவு எழுத்து. லோர்னா ஒரு வரியிலும் ப்ரூயட் அடுத்த வரியிலும் விழாதபடி, நடுவில் உடையாத இடைவெளி ஒன்று போட்டேன்.

பிறகு அவரிடம் போனேன். "உங்க முன்னுரைல நீதியைப் பத்தியே முந்நூறு சொல் இருக்கு. அதை எடுத்தா டிரைவர் பக்கம் நிக்கும்."

முன்னுரையைப் புரட்டிப் பார்த்தார். "எடு. தாக்கல் பண்ணிட்டு நீயும் கிளம்பிடு."

மார்ச் 3
12,912. இடைவெளிகள் எல்லாம் அதனதன் இடத்தில். ஏற்றுக்கொண்டார்கள்.

மேசையிலிருந்து எடுத்துவர ஒரு கோப்பையும் அளவுகோலும்தான் இருந்தன.

மார்ச் 20, வெள்ளி
பழைய அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து என் வீட்டு முகவரிக்கு அனுப்பப்பட்ட உறை. சிறைச்சாலை முத்திரை. பென்சிலில் அச்சுப்போல் எழுத்து.

'லோர்னா அம்மா, எல்லாத் தாளோட நகலும் எனக்கு வரும். ரெண்டு மனுவையும் வரி வரியா ஒப்பிட்டேன். இங்க நேரத்துக்குப் பஞ்சமில்ல. முதல்ல நம்பரெல்லாம் ஒட்டிக் கெடந்துச்சு. இப்ப மூச்சு விடுது. டிரைவர் பக்கம் ரெண்டுலயும் இருக்கு. அதுக்காகத்தான் செஞ்சீங்களோ? வேலை போயிடுச்சா?'

மீன் வாங்கி, நீள மேசையின் ஓரத்திலேயே உட்கார்ந்தேன். எதிரே ஒரு குழந்தை என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

'ஆம்' என்று எழுதினேன். பிறகு இன்னும் நான்கு பக்கம்.