நீக்கச் சொன்ன நான்கு வரிகள்

உறையைப் பிரித்ததும் அதிமதுர வாசனை வந்தது. உள்ளே ஸ்பைரல் போட்ட ஒரு கட்டுத் தாள். தாள்களுக்கு நடுவே, செய்தித்தாள் துண்டில் சுற்றிய அதிமதுரக் குச்சி இரண்டு. உன் பல்கலைக்கழகத்து மாட்டுங்கா டாக்டர் நேற்று மதியம் என் அலுவலகத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். உன் மேசை இழுப்பறையில் இருந்ததாம். மேலே என் பெயரை உன் சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருக்கிறாய்.

நீ போய் இருபத்தாறு நாளாகிறது. ஆஸ்பத்திரியில் இரண்டே நாள் இருந்தாய். நிமோனியா என்றார்கள். எங்கள் பத்திரிகையில் உன்னைப் பற்றி எழுதியது நான்தான். 'திடீர் மறைவு' என்று தலைப்புப் போட்டேன். அந்தத் தலைப்பின் முதல் சொல்லே தவறு என்று நேற்றுத்தான் தெரிந்தது. தட்டச்சு செய்யாமல் பேனாவில் எழுதுவதால் கோடு கோணுகிறது, பொறுத்துக்கொள்.

பல்கலைக்கழகத்தில் உனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "புரொபசர்மாருக்கு பிச்சை எடுத்துக் குடுக்கேன்" என்பாய். மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி ஆசிரியர்கள் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்கள் எல்லாம் உன் கை வழியாகத்தான் போயின. படிவம், கெடு, நெறிமுறைக் குழுவின் கையெழுத்து என்று எதையும் நீ தவறவிட்டதில்லை. ஆனால் உனக்கென்று ஒரு முறை இருந்தது. வேறெந்தக் கல்லூரியிலும் அப்படிக் கேள்விப்பட்டதில்லை. விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைப் பேராசிரியர் சத்தமாக வாசிக்க வேண்டும். போனில் நான் கேட்பேன். எங்கே எனக்குப் புரியவில்லையோ, எங்கே நம்பிக்கை வரவில்லையோ, அங்கே குறுக்கிடுவேன். அந்த இடத்தில் நீ பென்சிலால் வட்டம் போடுவாய். மூன்று வட்டம் விழுந்தால் பக்கம் திரும்பப் போகும்.

முதல் தடவை மாட்டுங்கா டாக்டர் எரிச்சல்பட்டது நினைவிருக்கிறதா? "யார் இவா? டாக்டரா?" என்றார். நீ என்னையும் கேட்க வைத்துக்கொண்டே பதில் சொன்னாய்: "இல்ல சார், பேப்பர்க்காரி. பெத்த தாய் சொன்னாலும் ரெண்டு பேர்ட்ட விசாரிப்பா. இவ நம்பிட்டான்னா துட்டு குடுக்கிற டில்லிக்காரன் நம்பிருவான்."

டாக்டரின் ஆராய்ச்சி நம் தாராவியைப் பற்றியது. வீட்டுக்குள்ளேயே தோல் பை ஒட்டும் பெண்களின் நுரையீரல். கதவைச் சாத்திக்கொண்டு, சொல்யூஷன் பசை டப்பாவைத் திறந்து வைத்து, பத்துக்குப் பத்து அறையில் சமையலும் அதே இடத்தில். அந்தக் காற்று பல வருடம் கழித்து என்ன செய்கிறது என்பது இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் நிதி கேட்டார். முதல் தடவை மறுத்துவிட்டார்கள். தேவை தெளிவாக இல்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நீ அவ்வளவு கோபப்பட்டது எனக்கு அப்போது விசித்திரமாக இருந்தது. எத்தனையோ விண்ணப்பம் திரும்பியிருக்கிறது, எதற்கும் நீ சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்ததில்லை.

போன மழைக்காலத்தில் இரண்டாம் தடவை எழுதினீர்கள். ஒரு சனிக்கிழமை வழக்கம்போல் போன் செய்தாய். "கேளுட்டி, இந்தத் தடவை நானே வாசிக்கேன்" என்றாய். நீ வாசித்தது அன்று ஒரு நாள்தான். ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழில் எழுதுகிறேன். உறையில் வந்த அந்தத் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது.

'ஐம்பத்து நான்கு வயதுப் பெண். பதினொரு வயதிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் தாயோடு ஒரே அறையில் பை ஒட்டியவள். இப்போது அலுவலக வேலை. மூன்று ஆண்டுகளாக மூச்சு வாங்குகிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.'

நான் குறுக்கிட்டேன். "நில்லு. இது ஜோடிச்ச மாதிரி இருக்கு."

"எதுட்டி?"

"படிச்சவ, ஆபீஸ் போறவ. மூச்சு வாங்குது, மூணு வருசம் வாய மூடிட்டு இருப்பாளா? எவ நம்புவா? யாரு இந்தப் பொம்பள? பேரு உண்டா?"

"பேரு போடக் கூடாது. ரூல்ஸ்."

"அப்போ எனக்கு அவ ஆளே இல்ல. தூக்கு."

போனில் மழைச் சத்தம் கேட்டது. டாக்டர் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினார். பிறகு நீ சிரித்தாய். "சரிட்டி, தூக்கிருவோம்" என்றாய். சிரிப்பின் முடிவில் இருமினாய். அடுத்த பத்திக்குப் போய்விட்டோம்.

உன் வயது எனக்குத் தெரியாதா? அதுதான் என் வயதும். ஆனால் நம் சந்தில் பை ஒட்டாமல் வளர்ந்த பெண் யார்? அந்த வரிகளில் யாரும் இருக்கலாம் என்பதாலேயே யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீ எப்போதும் அதிமதுரம் மென்றதைக்கூட, நாள் முழுக்கப் பேராசிரியர்களோடு தொண்டை வறளப் பேசுகிறவள், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று டாக்டர் நாற்காலியில் உட்காரவே இல்லை. உன் வீட்டுக்காரரிடம் முந்தின நாள்தான் எல்லாவற்றையும் சொன்னாராம். அவர் என்னிடமும் சொல்லச் சொன்னாராம். "நாலு வருஷமா என்கிட்ட காட்டிண்டிருந்தா. நுரையீரல் கெட்டிப்பட்டுண்டே வந்தது. யார்கிட்டயும் சொல்லப்படாதுன்னு கேட்டுண்டா, நான் டாக்டர், என்ன பண்ண முடியும்?" என்றார். பிறகு, "அந்த நாலு வரி நான் எழுதலை. அவளே எழுதிண்டு வந்தா. இத அவ காதுல போட்டுப் பாக்கறேன் சார்னு சொல்லித்தான் உங்களுக்கு போன் பண்ணினா" என்றார்.

என் காதில் போட்டுப் பார்த்தாய். நான் 'ஆளே இல்ல' என்றேன்.

எனக்குச் சொல்வதற்காகத்தான் எழுதினாயா, விண்ணப்பம் ஜெயிக்க வேண்டும் என்றா? என்னிடம் ஆதாரம் இல்லை. ஊகத்தை எழுத மாட்டேன். தாளில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். நான்கு வரியையும் சுற்றி ஒரே பெரிய வட்டம். பக்கத்தில் பென்சிலில், 'நம்பவில்லை. நீக்கு.' அவ்வளவுதான். கடைசியாக அனுப்பிய பிரதியில் அந்தப் பெண் இல்லை. நிதி கிடைத்துவிட்டது. கடிதம் போன வாரம் வந்ததாம். உன் மேசையில் வேறொருத்தி பிரித்திருக்கிறாள்.

செம்பூர் ஸ்டேஷன் பாலம் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. கடந்த வருடங்களில் ஏறும்போதெல்லாம் பாதியில் நிற்பாய். செருப்பு வார் சரியில்லை என்பாய், டிராம்பே பக்கம் கையைக் காட்டி ஏதாவது கேட்பாய். ஏன் நிற்கிறாய் என்று நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. கேள்வி கேட்பதே தொழிலாக இருப்பவள் கேட்காததற்குக் காரணம் உண்டு. நீ நின்றது எனக்கு வசதியாக இருந்தது. எனக்கும் மூச்சு வாங்கியது. இரண்டு வருடமாக வாங்குகிறது. யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை உன்னிடம் 'எவ நம்புவா' என்று கேட்டபோதும் எனக்கு அது இருந்தது.

அடுத்த வாரம் அந்த ஆராய்ச்சிக்காக மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனைக்குப் பெண்களைச் சேர்க்கிறார்கள். நேற்றே டாக்டரிடம் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். இன்று காலை மகள் ஆபீசுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு வருடமாக மூச்சு வாங்குவதை அவளிடமும் சொன்னேன். அவள் மூடியை அழுத்திக்கொண்டே சிரித்தாள்.

"ரெண்டு வருஷமா? மம்மி, மஸாக் மத் கரோ, விளையாடாத. யாராச்சும் சொல்லாம இருப்பாங்களா?"

சரி, விடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்படிச் சொல்வது எவ்வளவு எளிது என்று அப்போதுதான் தெரிந்தது. நீயும் அன்று 'சரிட்டி, தூக்கிருவோம்' என்று அவ்வளவு எளிதாகத்தான் சொன்னாய். நான் சொல்லவில்லை. டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன். உட்கார வைத்து, முதலிலிருந்து சொன்னேன்.