மூர்மான்ஸ்க் போகிற பாதை

ஜனவரி 14, ஞாயிறு
நாளைக்குப் பொங்கல். சாமான் வைக்க மேசையில் இடமில்லை. மறுபடியும் அந்த வரைபடம்தான். என் கணவர் ஜனா பெரிய கடதாசி மட்டையில் பென்சிலால் கீறுகிறார்: நோர்வேயின் உச்சி, பின்லாந்து, ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் துறைமுகம். 1941இல் ஜேர்மன் படை துருவப் பக்கத்தால் போய் அந்தத் துறைமுகத்தைப் பிடிக்கப் போட்ட திட்டமாம். கனடாவில், மோர்னிங்சைட்டில் இருந்துகொண்டு ட்ரக் ஓடுகிற மனிசனுக்கு அது எதற்கு என்று கேட்டேன்.

"சும்மா, பொழுதுபோக்கு."

மற்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பார்கள்.

ஜனவரி 20
இன்றும் ஒஷாவா நகரத்துக்குப் போய்விட்டார். "ஒரு சிநேகிதனைப் பாக்க." சிநேகிதனுக்குப் பெயர் இல்லை. படத்தையும் கையோடு கொண்டுபோனார்.

ஜனவரி 22
வேலையில் நிருஜாவிடம் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. "ஆம்பிளையள் ஒளிக்கினமெண்டால் ஒண்டில் பொம்பிளை, இல்லாட்டிப் பழைய கதை."

பொம்பிளை என்றால் பரவாயில்லை என்று ஒரு நொடி நினைத்தேன். பிள்ளையாரே, என்ன புத்தி இது!

பழைய கதைதான் பயம். கிளிநொச்சியில் இரும்புக்கடையில் கணக்கு எழுதினதாகத்தான் அகதி வழக்கில் சொன்னார். கலியாணம் பேசும்போது எங்களுக்கும் அதையே சொன்னார். புலிகள் இயக்கத்தோடு ஒரு தொடர்பும் இல்லை என்று. அது பொய் என்றால் குடியுரிமை இல்லை, திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். குடியுரிமை நேர்காணல் அடுத்த மாதம்.

பெப்ரவரி 4
சாப்பிடும்போது தானாகவே வாய் திறந்தார்.

"ஜேர்மன்காரனுக்குப் பிழைச்சது எங்கை தெரியுமே? படத்திலை புள்ளிக்கோடு இருந்தது. றோட்டெண்டு நம்பிப் படையை அனுப்பிப்போட்டான். போய்ப் பாத்தால் தந்திக்கம்பி, பனிமான் நடக்கிற தடம். வண்டில்கூடப் போகேலாது. ஆளை விட்டுப் பாக்காமல் படத்தை நம்பலாமே?"

புட்டுக்குச் சொதி விடவும் மறந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. எப்போதோ செத்துப்போன ஜேர்மன்காரன் மேல் இரும்புக்கடைக் கணக்குப்பிள்ளைக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்?

"உது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"புத்தகத்திலை."

புத்தகத்தில் படித்தவனுடைய கை மேசைத்துணியை மடித்து மலையும் ஆறும் காட்டுமா? காட்டுமாக்கும். எனக்கென்ன தெரியும்.

பெப்ரவரி 21
அவர் வேலைக்குப் போன பிறகு எதிர்ப்பக்கம் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. உள்ளே இரண்டு வெள்ளைக்காரர். எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேர்காணல் நாளை மறுநாள். மேசையில் அம்புக்குறியும் படைப்பிரிவுமாக அந்தப் படம்!

ஊரில் ஆமி சுற்றிவளைப்பு என்றால் அம்மா முதலில் தேடுவது எரிக்க வேண்டிய கடதாசியை, பிறகுதான் எங்களை. எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. பின்வளவில் பனிக்குள் நின்று பார்பிகியூ அடுப்பில் போட்டுக் கொளுத்திவிட்டு மூடினேன்.

முன்பக்கம் போய் எட்டிப் பார்த்தால், அவர்கள் பக்கத்து வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை நடுகிறார்கள்.

பெப்ரவரி 22
நேற்றுப் பின்னேரம் வந்ததும் படத்தைத் தேடினார். எரித்துவிட்டேன் என்றேன். ஏன் என்றும் சொன்னேன், அழுதுகொண்டே. எல்லாவற்றையும் கேட்டேன்: ஒஷாவாவில் யார்? உது என்ன படம்?

தலையைச் சொறிந்தார். ஒஷாவாவில் ஓய்வுபெற்ற கிழவர்கள் கூடி, பழைய போர்களை மேசையில் காய் வைத்து விளையாடுகிறார்களாம். இவர் ரஷ்யப் பக்கமாம். "அம்பது வயசிலை விளையாட்டெண்டால் நீர் சிரிப்பீர்." 

எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. குளிர்காலம் முழுக்க இருந்து கீறின படம். கத்தட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் கத்தவில்லை. யன்னலால் பின்வளவைப் பார்த்தார். குரல் வேறு யாருடையதோ போலத் தாழ்ந்து, வேகமாக வந்தது.

"முழுக்க எரிஞ்சதோ? சாம்பலைக் கிளறிவிட்டனீரோ? மட்டை கருகினாலும் கீறினது தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். என்னைப் பார்க்கவில்லை.

"ஓம், கிளறினனான்," என்றேன். பொய்.

இரும்புக்கடையில் இதெல்லாம் பழக்கமாட்டார்கள். இரவு முழுக்கக் கோபமாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது. இத்தனை வருடம் யாரோடு வாழ்ந்தேன்? கேட்கலாம். கேட்டால் சொல்லிவிடுவார், அதுதான் பிரச்சினை. தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப் போகிறேன், விட்டுவிட்டுப் போகவா?

பெப்ரவரி 23
காலையில் நேர்காணல். அவர் சேர்ட் அழுத்திக்கொண்டிருந்தபோது பின்வளவுக்குப் போய் அடுப்பு மூடியைத் திறந்தேன். கருகின மட்டையில் ஒரு அம்புக்குறி இன்னும் தெரிந்தது. தூளாகும்வரை கிளறிவிட்டு, கையைக் கழுவி, அவரோடு காரில் ஏறினேன்.